போலீஸ் மேல் கொடுத்த புகார்: விசாரணை முடிய எவ்வளவு நாள் ஆகும்?

ஓடைக்கரை | 12 அக்டோபர் 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் தம்பி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். 2024 ஆகஸ்டில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, "ஒரு விசாரணை, வந்துட்டுப் போயிடு" என்று இரண்டு காவலர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்துத் தெருவில் பைக் காணாமல் போன விஷயம். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் விட்டார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. பைக்கை எடுத்தது வேறு ஆள் என்று நாலு நாளில் தெரிந்துவிட்டது.

நான் ஸ்டேஷன் வாசலில்தான் நின்றிருந்தேன். அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். காலில் மாட்ட முடியவில்லை, இரண்டு பாதமும் அந்த அளவுக்கு வீங்கியிருந்தது. படியில் இறங்கும்போது குதிகால் தரையில் படாமல் பாதத்தின் ஓரத்தால் ஊன்றி இறங்கினான். இன்றைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிளட்ச் மிதித்தால் வலி வந்துவிடுகிறது.

அந்த வாரமே எஸ்.பி. ஆபீஸில் மனு கொடுத்தோம். விசாரணை டி.எஸ்.பி.க்குப் போனது. 2024 அக்டோபர், டிசம்பர், அப்புறம் 2025 ஜனவரி என்று மூன்று தடவை கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். மூன்று தடவையும் வேறு வேறு ஆள் கேட்டார், மூன்று தடவையும் ஒரே கதையை முதலிலிருந்து சொன்னோம். அதோடு சரி. போன் செய்தால் "நடந்துகொண்டிருக்கிறது" என்கிறார்கள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இது வழக்கமாக ஆகிற காலம்தானா? இன்னும் பொறுக்கலாமா, இல்லை வேறு எங்காவது போக வேண்டுமா?

---

பழைய ரைட்டர் | 12 அக்டோபர், இரவு 11.05

தம்பி, நான் காவல்துறையில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வுபெற்றவன். பெரும்பாலும் ஸ்டேஷன் ரைட்டர், கடைசி சில வருடம் அலுவலக வேலை. உங்கள் மனு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வெளியே இருப்பவர்கள் "விசாரணை" என்று ஒரே வார்த்தையில் சொல்வது உள்ளே இரண்டு வேறு வேறு வேலை. ஒன்று மனு மீதான விசாரணை. டி.எஸ்.பி. இரண்டு பக்கமும் கேட்டு எஸ்.பி.க்கு ஒரு அறிக்கை கொடுப்பார். அதற்குச் சட்டப்படி பெரிய பலம் கிடையாது. அந்த அறிக்கையில் "முகாந்திரம் இருக்கிறது" என்று எழுதினால்தான் இரண்டாவது வேலையான துறை நடவடிக்கை தொடங்கும். அப்போது சம்பந்தப்பட்ட காவலருக்கு சார்ஜ் மெமோ போகும், பி.ஆர். எண் என்று ஒரு எண் விழும். சின்ன தண்டனை என்றால் விதி 3 (ஏ). அதில் எழுத்தில் பதில் வாங்கி முடித்துவிடலாம். வேலையை விட்டு நீக்கும் அளவு என்றால் விதி 3 (பி). அதில் சாட்சிகளைக் கூப்பிட்டு வாய்மொழி விசாரணை நடத்த வேண்டும், குறுக்கு விசாரணைக்கும் இடம் கொடுக்க வேண்டும். காவலர்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கைக்கு 1955-ஆம் வருட விதிகள்தான் இன்றைக்கும்.

இழுத்தடிப்பு எங்கே என்றால், விசாரணை அதிகாரிக்கு அது அவருடைய பத்து வேலைகளில் பத்தாவது வேலை. தென் மாவட்டத்தில் செப்டம்பர் 11 பரமக்குடி, அக்டோபர் 30 பசும்பொன், இரண்டுக்கும் பந்தோபஸ்து. நடுவில் கோயில் கொடை, தேர், இடைத்தேர்தல், தலைவர்கள் வருகை. சாட்சிக்குத் தேதி கொடுப்பார், அன்றைக்கு அவர் வேறு ஊரில் நிற்பார். அப்புறம் மாறுதல் வரும். புதிதாக வருபவர் கட்டைப் பிரித்து முதலிலிருந்து படிப்பார். உங்களை மூன்று முறை மூன்று பேர் கேட்டார்கள் என்கிறீர்களே, அது இதனால்தான்.

நான் நல்ல அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து இரண்டே மாதத்தில் ஒரு 3 (பி)-யை முடித்தார். முடியாத வேலை இல்லை. முடிக்கச் சொல்லி யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால் முடியும்.

---

கருப்பு கோட்டு | 13 அக்டோபர், காலை 7.20

ஓடைக்கரை அவர்களே, நான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கறிஞராக இருக்கிறேன். பதில் எழுதும் முன்பு மூன்று கேள்வி.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் எந்தத் தேதி? அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போனீர்களா, காயத்தைக் குறித்து வைக்கும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போட்டார்களா? மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஏதாவது தாக்கல் செய்தீர்களா?

---

ஓடைக்கரை | 13 அக்டோபர், காலை 8.02

மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பவில்லை சார். அனுப்பலாம் என்று நான் சொன்னேன். ஜனவரியில் விசாரணைக்குப் போனபோது, "இங்கே நடந்துகொண்டிருக்கும்போது அங்கேயும் போனால் இதை நிறுத்தி வைத்துவிடுவார்கள், இது முடியட்டும்" என்று அங்கே ஒருவர் சொன்னார். அம்மாவும் பயந்தார்கள். முடியட்டும் என்று இருந்துவிட்டோம்.

மருத்துவமனைக்கு அன்று சாயங்காலம் போனோம். ஏ.ஆர். போட்டார்கள், சீட்டு இருக்கிறது. எக்ஸ்ரேயும் இருக்கிறது. நீதிமன்றத்தில் எதுவும் போடவில்லை.

---

கருப்பு கோட்டு | 13 அக்டோபர், பகல் 1.45

இதைச் சொல்வதற்கு எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் தெளிவாகவே சொல்கிறேன். மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1993, பிரிவு 36 (2): சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குப் பிறகு ஆணையம் விசாரிக்க முடியாது. உங்களுக்கு அந்தக் கெடு போன ஆகஸ்டில் முடிந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு அந்த வழி முன்பைவிடப் பலமாகியிருந்தது. அதைத்தான் தவறவிட்டிருக்கிறீர்கள்.

என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. துறை விசாரணை தாமதமாவதைக் காத்திருப்பு என்று மட்டும் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு மற்ற வழிகளின் கெடுவை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருக்கும். எஸ்.பி. ஆபீஸ் விசாரணைக்கு முடியும் தேதி கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது.

இன்னொரு கெடுவும் போய்விட்டது. சாதாரணக் காயம் ஏற்படுத்தியது, சட்டவிரோதமாக அடைத்து வைத்தது, இரண்டுக்கும் அதிகபட்சத் தண்டனை ஒரு வருடம். அந்த வகைக் குற்றத்துக்கு ஒரு வருடத்துக்குள் புகார் தாக்கலாகியிருக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

ஆனால் முழுக்கக் கையை விட்டுப் போகவில்லை. உங்கள் தம்பியை அடித்தது எதற்காக? பைக்கை எடுத்தேன் என்று ஒப்புக்கொள்ள வைப்பதற்காக. வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்துவது தனிக் குற்றம், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 120 (1), ஏழு வருடம் வரை தண்டனை. அதற்குக் காலவரம்பு இல்லை. மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார் போடலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அரசு ஊழியர் மேல் புகார் என்றால் அவர் தரப்பையும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள், மேலதிகாரியிடம் அறிக்கையும் வாங்குவார்கள். அதில் சில மாதம் போகும். கடமையின்போது செய்ததுதான், அரசின் அனுமதி வேண்டும் என்பார்கள். அனுமதி கேட்டு 120 நாளில் அரசு முடிவு சொல்லவில்லை என்றால் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. முன்பு இப்படி ஒரு எண்ணே கிடையாது, வருடக்கணக்கில் கிடந்தது.

துறை விசாரணைக்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது. பிரேம் நாத் பாலி வழக்கில் 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: துறை நடவடிக்கையை ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலும் ஒரு வருடத்தைத் தாண்டக் கூடாது. அது ஒரு ஊழியர் தன் பக்க நியாயத்துக்காகப் போட்ட வழக்கு. ஆனால் புகார் கொடுத்தவரும் அதைக் காட்டி, "இத்தனை வாரத்தில் முடிக்க உத்தரவிடுங்கள்" என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் கேட்கலாம். பல பேருக்குக் கோப்பு நகர்வதே அந்த உத்தரவுக்குப் பிறகுதான்.

ஒரு அவசர விஷயம். காவல் நிலையக் கேமரா பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதி இல்லாத இடத்தில் குறைந்தது ஒரு வருடம் என்று 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் 18 மாதம் 2026 பிப்ரவரியில் முடிகிறது. அந்த ராத்திரிப் பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி நாளைக்கே எழுத்தில் கொடுங்கள். "பதிவு இல்லை" என்று பதில் வந்தாலும் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

---

முத்துநகர் | 13 அக்டோபர், மாலை 6.30

நான் தூத்துக்குடி. எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் இருக்கிறது, இரண்டையும் நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

முதலாவது சாத்தான்குளம். 2020 ஜூன் 19 ஜெயராஜையும் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். 22 ராத்திரி மகன் பென்னிக்ஸ் இறந்தார், 23 விடிகாலை அப்பா ஜெயராஜ். மதுரைக் கிளை தானாகவே கையில் எடுத்தது. நீதித்துறை நடுவர் பாரதிதாசன் ஸ்டேஷனுக்கே போய் உட்கார்ந்தார். கேமராப் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது, ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும். அதைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். அங்கே பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி, விடிய விடிய அடித்ததையும் லத்தியில் ரத்தக் கறை இருந்ததையும் அவரிடம் சொன்னார். இதெல்லாம் சாவு நடந்து ஒரு வாரத்துக்குள். ஜூலை 1 முதல் கைது. செப்டம்பர் 26 அன்று ஒன்பது போலீஸார் மேல் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 87 நாள். 90 நாளைத் தாண்டினால் உள்ளே இருப்பவர்கள் ஜாமீன் கேட்க உரிமை வந்துவிடும். அதனால் முடிந்தது.

அதற்கப்புறம்? குற்றப்பத்திரிகையோடு அந்த மாதிரி கெடு முடிந்துபோனது. நூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள். ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. அதை நீட்டிக்கச் சொல்லிக் கேட்டு, நீட்டி, மறுபடி நீட்டி, இப்போது 2025 அக்டோபர். ஐந்து வருடம் தாண்டியும் மதுரையில் வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. 87 நாளில் விசாரணையை முடித்த அதே வழக்கு இது.

இரண்டாவது, 2018 மே 22 ஸ்டெர்லைட் போராட்டத் துப்பாக்கிச் சூடு. 13 பேர் செத்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் இறுதி அறிக்கை கொடுத்தது 2022 மே மாதம். நாலு வருடம். அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது அக்டோபரில். 17 போலீஸார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி ஆணையம் எழுதியது. சுடச் சொன்னது யார் என்ற ஒரு கேள்விக்கு நாலு வருடம் காத்திருந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு மே மாதமும் படத்துக்கு மாலை போடும்போது வருகிற பேச்சு அதுதான்.

ஆணையத்துக்கு யாரும் 90 நாள் வைப்பதில்லை. காலநீட்டிப்பு உத்தரவு வந்துகொண்டே இருக்கும்.

---

அரூர் மலர் | 14 அக்டோபர், காலை 6.10

முத்துநகர் நாலு வருடம் என்கிறார். எங்கள் பக்கம் வாச்சாத்திக்காரர்களிடம் கேளுங்கள்.

சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் அது. 1992 ஜூன் 20. சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லோரும் சேர்ந்து வந்தார்கள். ஊரையே ஆலமரத்தடியில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அங்கிருந்து 18 பெண்களை ஏரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் பள்ளிக்கூடப் பிள்ளையும் உண்டு. வீடுகளை இடித்தார்கள், தானியத்தைக் கொட்டிப் பாழாக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள்.

சி.பி.ஐ. விசாரிக்க உயர் நீதிமன்றம் உத்தரவு போடவே 1995 ஆகிவிட்டது. 269 பேர் மேல் குற்றச்சாட்டு. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29. பத்தொன்பது வருடம். அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்தே போய்விட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அவர்கள் மேல்முறையீடு போனார்கள். நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் ஊருக்கே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார், பாதிக்கப்பட்ட 18 பேருக்கும் தலா பத்து லட்சம் கொடுக்கச் சொன்னார். மொத்தம் முப்பத்தோரு வருடம்.

என் அம்மா அரூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்றவர். கோர்ட்டுக்குப் போகிற நாளில் அந்தப் பெண்கள் விடிகாலை பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். முதலில் இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள், கடைசியில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்பார். இத்தனைக்கும் அவர்களுக்குச் சங்கமும் கட்சியும் பக்கத்தில் நின்றன. ஓடைக்கரை அண்ணா, தனியாக நிற்காதீர்கள். உங்கள் ஊரில் யார் உதவுவார்களோ அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

தேம்ஸ் கரை | 14 அக்டோபர், பகல் 2.15

நான் இருப்பது லண்டன். இங்கே காவல்துறை மீதான பெரிய புகார்களை விசாரிக்க ஐ.ஓ.பி.சி. என்று தனி அமைப்பு உண்டு. 2020-லிருந்து ஒரு விதி: விசாரணை பன்னிரண்டு மாதத்தைத் தாண்டினால், ஏன் தாண்டியது, எப்போது முடியும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். தாண்டாமலே இருப்பதில்லை, தாண்டுகிறது. ஆனால் புகார் கொடுத்தவர் இருட்டில் நிற்பது கொஞ்சமாவது குறையும்.

அதற்காக இங்கே எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். 1989-ல் நடந்த ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசல் 97 பேரின் உயிரை எடுத்தது. அவர்களில் 96 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஜூரி சொல்ல 2016 ஆனது. போலீஸ் செய்ததைப் பற்றி 2012-ல் தொடங்கிய விசாரணையின் முழு அறிக்கை இந்த 2025 அக்டோபர் வரையிலும் வரவில்லை.

---

குழித்துறை | 14 அக்டோபர், இரவு 8.50

எல்லோரும் சீக்கிரம் முடிய வேண்டும் என்றே எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். அங்கே நடந்த உதயகுமார் வழக்கை நாங்கள் கூடவே பார்த்து வந்தவர்கள்.

2005 செப்டம்பர். பூங்காவில் உட்கார்ந்திருந்த இளைஞனை ஃபோர்ட் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். கையில் நாலாயிரம் ரூபாய் வைத்திருந்தான், திருட்டுப் பணம் என்று சந்தேகம். இரும்புக் குழாயைத் தொடைமேல் உருட்டினார்கள் என்பது வழக்கு. அம்மா பிரபாவதி விடாமல் போராடித்தான் சி.பி.ஐ. வந்தது. 2018-ல் இரண்டு போலீஸாருக்குத் தூக்கு. போலீஸாருக்குத் தூக்கு என்று அன்றைக்கு ஊரெல்லாம் பேச்சு. இந்த ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. சி.பி.ஐ. விசாரணையில் கோளாறு, சாட்சியங்கள் நிற்கவில்லை என்று. இருபது வருடம் போராடிய தாய்க்கு மிச்சம் என்ன?

அதனால் எத்தனை மாதம் என்பதைவிட, முடிந்தது நிற்குமா என்று பார்க்க வேண்டும். கெடு வைத்து அவசரப்படுத்தினால் ஓட்டை விழும், அந்த ஓட்டை வழியே எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள்.

---

கருப்பு கோட்டு | 14 அக்டோபர், இரவு 10.30

குழித்துறை, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்த வழக்கில் சாட்சிகள் நிற்காமல் போனதற்கு அவசரமா காரணம்? முதலில் உள்ளூர் போலீஸ், அப்புறம் குற்றப்பிரிவு, அப்புறம் சி.பி.ஐ. என்று கை மாறி, நடுவில் சாட்சிகள் பிறழ்ந்து, விசாரணையே வருடக்கணக்கில் போனது. தாமதமும் ஓட்டையும் சேர்ந்தேதான் வருகின்றன.

மடப்புரம் அஜித்குமார் வழக்கைப் பாருங்கள். கோயில் காவலாளி. இந்த ஜூன் 28 சாவு. உடலில் 44 காயங்கள். மதுரைக் கிளை மாவட்ட நீதிபதியை விசாரிக்கச் சொல்லி ஜூலை 8-க்குள் அறிக்கை கேட்டது, வந்தது. ஆகஸ்ட் 20-க்குள் முடிக்க சி.பி.ஐ.க்குக் கெடு வைத்தது, அன்றைக்கு முதல்கட்டக் குற்றப்பத்திரிகை தாக்கலானது. சாவிலிருந்து 53 நாள். கோயிலுக்குப் பின்னால் அடித்ததை ஒருவர் செல்போனில் எடுத்திருந்தார். அந்தப் படமும் சாட்சிகளும் சூடு ஆறுவதற்குள் பதிவாகிவிட்டன. வேகம்தான் அங்கே தரத்தைக் காப்பாற்றியது.

எனக்கு வருத்தம் வேறு. 53 நாளும் 87 நாளும் கிடைக்க ஒருவர் சாக வேண்டியிருக்கிறது. ஓடைக்கரையின் தம்பி மாதிரி வீங்கின காலோடு உயிருடன் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கெடு வைக்க யாரும் இல்லை. 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் தனிப் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில். தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டது. ஆனால் மாநில அளவில் தலைவர் உள்துறைச் செயலாளர், கூடவே டி.ஜி.பி. மாவட்டத்தில் கலெக்டர். அதில் போய் யார் யாரை அவசரப்படுத்துவார்கள்?

---

இரவு ரோந்து | 15 அக்டோபர், அதிகாலை 3.20

நான் இன்னும் பணியில் இருப்பவன். பெயரும் ஊரும் சொல்ல முடியாது. இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கும் ஒரு 3 (பி) இருந்தது. ஒருவரை ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். அன்றைக்கு நான் பாரா. துப்பாக்கியோடு வாசலில் நின்றேன். உள்ளே கை வைக்கவில்லை. சத்தம் கேட்டது. டூட்டிப் பட்டியலில் என் பெயரும் இருந்ததால் எனக்கும் மெமோ வந்தது. நாலு வருடம் நடந்தது. நாலு வருடமும் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. என் பேட்ச் ஆட்கள் ஏட்டு ஆனார்கள். கடைசியில் யார் மேலும் நிரூபணமாகவில்லை என்று முடிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. முதல் மாதத்திலேயே என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் கேட்டதைச் சொல்லியிருப்பேன். அப்போது ராத்திரி தூக்கம் வராது, யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது. விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டது இரண்டரை வருடம் கழித்து. அதற்குள் அதே இன்ஸ்பெக்டருக்குக் கீழே எனக்கு மறுபடி போஸ்டிங். வீட்டில் இரண்டாவது குழந்தை. "சரியாக ஞாபகம் இல்லை ஐயா" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லாம் ஞாபகம் இருந்தது.

ரேவதி அம்மாவை நடுவர் ஒரு வாரத்துக்குள் உட்கார வைத்துக் கேட்டார். அவர் தைரியசாலி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டரை வருடம் கழித்துக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஓடைக்கரை சார், உங்கள் தம்பி இருந்த ராத்திரியும் யாரோ ஒருவன் பாரா நின்றிருப்பான். பொது நாட்குறிப்பில் அவன் பெயர் இருக்கும். வக்கீலிடம் சொல்லி அந்தப் பெயரையும் சாட்சியாகக் கேட்கச் சொல்லுங்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.

---

அரூர் மலர் | 15 அக்டோபர், காலை 7.00

இதை இங்கே எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று புரிகிறது அண்ணா. அந்த அடிபட்ட மனிதரும் எங்கேயோ பதிலுக்குக் காத்திருந்திருப்பார். உங்களுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. அடுத்த தடவை யாராவது கேட்டால் சொல்லிவிடுங்கள்.

---

பழைய ரைட்டர் | 15 அக்டோபர், காலை 9.40

இரவு ரோந்து தம்பி சொன்னது சத்தியமான வார்த்தை. எங்கள் காலத்திலும் அப்படித்தான். நானும் அந்த மாதிரி நாட்குறிப்புகளை எழுதியவன். அதற்கு மேல் இங்கே சொல்லத் தெரியவில்லை.

ஓடைக்கரை, இப்போது செய்ய வேண்டியது. போனில் கேட்பதை நிறுத்துங்கள். ஒரு வெள்ளைத் தாளில் ஆர்.டி.ஐ. மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "விசாரணை எந்த நிலையில் இருக்கிறது" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "நிலுவையில்" என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: என் மனு எண்ணும் தேதியும் என்ன? விசாரணை அதிகாரி அறிக்கை கொடுத்த தேதி என்ன, அதன் நகல் வேண்டும். அந்த அறிக்கை மீது துறை நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தால் பி.ஆர். எண் என்ன, எந்தப் பிரிவில்? இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள்.

பி.ஆர். எண் இருந்தால் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

---

ஓடைக்கரை | 16 அக்டோபர், இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. ஆர்.டி.ஐ. இன்று ஸ்பீட் போஸ்டில் போட்டாயிற்று. கேமராப் பதிவு பற்றிய மனுவை நேரிலேயே கொடுத்து முத்திரை வாங்கினேன். இரவு ரோந்து அவர்கள் எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "வாசல்ல நின்ன ஒருத்தர் காலையில எனக்குத் தண்ணி கொடுத்தார்" என்றான். இதுவரை எங்களிடம் சொன்னதில்லை.

பதில் வந்ததும் எழுதுகிறேன்.

---

ஓடைக்கரை | 17 நவம்பர் 2025, மாலை 5.30

பதில் வந்துவிட்டது. இரண்டு பக்கம்.

விசாரணை அதிகாரி அறிக்கை கொடுத்தது 2025 பிப்ரவரி. "மனுதாரர் கூற்றுக்கு ஆதாரம் இல்லை, மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று அந்த மாதமே மனு முடிக்கப்பட்டிருக்கிறது. பி.ஆர். எண் இல்லை. ஏ.ஆர். சீட்டின் நகலை நாங்கள் மூன்று தடவையும் கொடுத்திருந்தோம். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதாவது ஆறாவது மாதத்திலேயே முடிந்துவிட்டது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மார்ச்சில் கேட்டோம், மே மாதம் கேட்டோம், ஜூலையில் கேட்டோம், ஒவ்வொரு முறையும் "நடந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். அந்த ஜூலையில்கூட மனித உரிமை ஆணையத்துக்குப் போக ஒரு மாதம் பாக்கி இருந்திருக்கிறது.

கேமராப் பதிவு பற்றிப் பதில் இன்னும் இல்லை.

நேற்று மதுரைக்குப் போனோம். கருப்பு கோட்டு சார் சொல்லிவிட்ட ஒரு வழக்கறிஞர் கட்டணம் பேசாமல் எடுத்துக்கொண்டார். தனிநபர் புகார் ஒன்று, கேமராப் பதிவுக்காக ரிட் ஒன்று. பாரா டூட்டியில் இருந்தவர் பெயருக்காக நாட்குறிப்பையும் கேட்கிறோம். தம்பி வக்காலத்தில் கையெழுத்துப் போட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை, திருமங்கலம் தாண்டியதும் கால் வலிக்கிறது என்று படியில் உட்கார்ந்துகொண்டான்.

---

கருப்பு கோட்டு | 17 நவம்பர், இரவு 9.10

அந்த இரண்டு பக்கத்தையும் பத்திரமாக வையுங்கள், அது வந்த உறையையும் சேர்த்து. பிப்ரவரியில் முடித்துவிட்டு உங்களிடம் நடக்கிறது என்று சொன்னதுதான் தாமத மன்னிப்பு மனுவுக்கு முதல் காரணம். மார்ச், மே, ஜூலையில் நீங்கள் போன் செய்த எண்ணும் தேதியும் உங்கள் செல்போன் பில்லில் இருக்கும். அதை இந்த வாரமே கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள், பழையது அழிவதற்கு முன்னால்.